முழு அலை வளைய ஆன்டெனாவை 50 ஓம் கேபிளுடன் நேரடியாக இணைக்கலாமா?

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு நீங்கள் கட்டியிருக்கும், ஏறத்தாழ ஒரு முழு அலை நீளமுள்ள 43 மீட்டர் கம்பி வளையத்தின் இணைப்பு முனையில் மின்மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் மொத்தத் தடையான இம்பீடன்ஸ், பெரும்பாலும் 100 முதல் 120 ஓம் வரை இருக்கும் என்பதால், 50 ஓம் கேபிளை நேரடியாக இணைத்தால் நிலை அலை விகிதம் (SWR; பொருத்தமின்மையைக் காட்டும் அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 2 அல்லது அதற்கு மேல் வரும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது, இரண்டுக்கும் இடையில் கால் அலை நீளமுள்ள 75 ஓம் கோஆக்சியல் கேபிள் துண்டு ஒன்றைச் சேர்ப்பதுதான். இத்தகைய துண்டு ஒரு முனையில் உள்ள மின்மறிப்பை மறுமுனையில் வேறொரு மதிப்பாக மாற்றித் தரும். 75-இன் வர்க்கத்தை 50-ஆல் வகுத்தால் 112.5 கிடைக்கிறது, வளையத்தின் மதிப்புக்கு இது மிக அருகில் உள்ளது.

நீளத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். வெட்டவெளியில் கால் அலை 10.56 மீட்டர் என்றாலும், கேபிளுக்குள் அலை மெதுவாகச் செல்வதால், திசைவேகக் காரணி (வெட்டவெளியோடு ஒப்பிடும்போது கேபிளில் அலையின் வேகம்) 0.66 உள்ள திட பாலிஎத்திலீன் கேபிளை ஏறத்தாழ 7 மீட்டருக்கு வெட்ட வேண்டும். நுரை மின்காப்புள்ள தொலைக்காட்சி கேபிளில் அந்தக் காரணி 0.8-ஐ ஒட்டி இருப்பதால் சுமார் 8.5 மீட்டர் தேவைப்படும்.

கேபிளின் வெளிக் கம்பிவலையின் புறப்பரப்பில் மின்னோட்டம் பாயாமல் தடுக்க, ஆன்டெனா வளையத்துடன் சேரும் இடத்தில் கேபிளின் மேல் ஃபெரைட் எனும் காந்தப் பீங்கான் வளையங்களைக் கோத்துவிடுங்கள். ஆன்டெனா வளையம் தரைக்கு மிக அருகில் இருந்தாலோ நீளவாக்கில் நசுங்கியிருந்தாலோ மின்மறிப்பு மாறிவிடும். ஆகவே கேபிளை வெட்டுவதற்கு முன் மின்மறிப்பை அளக்கும் கருவியான ஆன்டெனா அனலைசரால் அளந்து பாருங்கள்.