நாற்காலிகளை நகர்த்தியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மானிய நடன அமைப்பாளர் பினா பௌஷ் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, அவருடைய குழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். 2009-ல் அவர் இறந்த பிறகு அங்கே தலைமை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவரைப் பதவி நீக்கி, விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதே ஆண்டு இறந்த அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவோ, சொல்லிவைத்தபடி இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டுக் கௌரவமாகக் கலைந்தது. படைத்தவரோடு குழுவும் முடிந்துவிடுவதுதானே முறை?

சும்மா தெரிந்துகொள்வதற்காக இதைக் கேட்கவில்லை. ஒரு நடனப் பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஆசிரியைக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு என்ன என்று ஒருமுறை வாயெடுத்தேன். மூத்த மாணவிகள் என்னை அபசகுனம் பேசியவளைப் போலப் பார்த்தார்கள். ஒரு நடனக் குழுவுக்குத் தலைவர் என்றால் உண்மையில் யார்?

எம்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள எம்.,

2009 ஜூன் 30 அன்று பினா பௌஷ் இறந்தார். வயது 68. புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்புதான் அவருடைய புதிய படைப்பு ஒன்று அரங்கேறியிருந்தது. குழு அப்போது போலந்தில் இருந்தது. செய்தி வந்த அன்று மாலையும் ஆடினார்கள். சரியாக 26 நாட்கள் கழித்து நியூயார்க்கில் மெர்ஸ் கன்னிங்ஹாம் இறந்தார். அவருக்கு 90 வயது. நீங்கள் இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டது மிகச் சரி. ஆனால் ஒருவருக்குப் பொருந்திய முடிவு மற்றவருக்கும் பொருந்தியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கன்னிங்ஹாமின் குழு 1953-ல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஒரு கோடையில் உருவானது. குழுவின் இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஓர் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாவில் காளான்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி வென்ற பணத்தில் ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்று வாங்கினார். மொத்தக் குழுவும் அதில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. இசையமைப்பாளரே வண்டியையும் ஓட்டினார். அப்படித் தொடங்கிய குழுவை எப்படி முடிப்பது என்பதையும் அவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கன்னிங்ஹாம் உயிரோடு இருக்கும்போதே, 2009 ஜூனில், அந்தத் திட்டத்தை அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு உலகப் பயணம், பிறகு கலைப்பு. படைப்புகளின் உரிமை ஓர் அறக்கட்டளைக்கு. முக்கியமான நடனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒளிப்பதிவு, குறிப்புகள், உடை, விளக்கமைப்பு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. ஆடுகிறவர்களுக்கும் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் பிரிவுத் தொகை. ஆடியவர்கள் வேறு தொழிலுக்கு மாறவும் உதவி. 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரியில் மூன்று மேடைகளில் ஒரே நேரத்தில் ஆடி முடித்தார்கள்.

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் தொட்டது அந்தப் பிரிவுத் தொகைதான். தன் பெயரைச் சுமந்து ஆடியவர்கள் தான் போன மறுமாதம் வாடகைக்கு என்ன செய்வார்கள் என்று 90 வயதில் ஒருவர் யோசித்திருக்கிறார். கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதன் மதிப்பு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தத் திட்டம் அவருடைய நடனத்தின் இயல்பிலிருந்து வந்தது. கன்னிங்ஹாம் அடவைக் கொடுப்பார், ஆடுகிறவர் அதைத் துல்லியமாக ஆட வேண்டும். நீ யார், எந்த ஊர், எதற்கு அழுதாய் என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆகவே அந்த அடவை எழுதிவைக்கலாம், பாடமாகச் சொல்லித் தரலாம், வேறொரு குழுவிடம் ஒப்படைக்கலாம்.

பினாவின் முறை நேர் எதிரானது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், ஒரு பழைய திரையரங்கம் அவர்களுடைய ஒத்திகைக் கூடம். 1978-லிருந்து அவர் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். எதற்குப் பயந்தாய், யாரிடம் அன்பை எதிர்பார்த்தாய் என்பது போன்ற கேள்விகள். ஆடுகிறவர்கள் ஒரு சொல்லாலோ, ஒரு சைகையாலோ, ஒரு சிறு காட்சியாலோ பதில் சொல்வார்கள். பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய சிலவற்றைக் கோத்து நாடகமும் நடனமுமாக ஒன்றைச் செய்வார். அப்படியானால் ‘கோன்டாக்ட்ஹோஃப்’ போன்ற படைப்பு எங்கே இருக்கிறது? பினாவின் தலையில் பாதி. மீதிப் பாதி அந்தப் பதிலைச் சொன்ன பெண்ணின் தோளில், கையில், தயக்கத்தில். 2009-ல் குழுவைக் கலைத்திருந்தால் அந்த மீதிப் பாதியையும் சேர்த்தல்லவா வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்?

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ‘கஃபே ம்யூல்லர்’ என்ற படைப்பில் இருக்கிறது. 1978 மே மாதம் அரங்கேறியது. சாம்பல் நிறச் சுவர்கள், மேடை முழுக்கக் காலி நாற்காலிகள், மேசைகள். மெல்லிய வெள்ளை உடையில் ஒரு பெண் கண்களை மூடிக்கொண்டு வருகிறாள். பின்னால், சுவரோரம், இன்னொருத்தி, அவள் பினாவேதான். முன்னால் வருகிற பெண் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவன் அவளுக்கு முன்னால் ஓடி ஓடி நாற்காலிகளை விலக்குகிறான். அவள் வேகமெடுத்தால் இவனும் வேகமெடுக்கிறான். நாற்காலிகள் தரையில் சரிந்து உரசும் ஓசை ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் இசைக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்கிறது. முதன்முறை இதன் பதிவைப் பார்த்தபோது என் கண் அவளிடம் இருந்தது. மூன்றாம் முறை அவனைத்தான் பார்த்தேன். அவன் ஒரு நொடி தாமதித்தால் அவள் முழங்கால் இடிக்கும். அவன் அவளைத் தொடவே இல்லை, வழிகாட்டவும் இல்லை. அவள் போகிற திசையைக் கவனித்து இடம் செய்து கொடுக்கிறான்.

அரங்கேற்றத்தில் அந்த நாற்காலிகளை நகர்த்தியவர் ரோல்ஃப் போர்ட்சிக். அந்த மேடையை வடிவமைத்தவரும், பினாவின் துணைவரும் அவரே. மேடையைப் பீட் மண்ணாலும் உலர்ந்த இலைகளாலும் தண்ணீராலும் நிரப்பிப் பார்த்த மனிதர். 1980 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். தலைமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். பினாவை 1973-ல் வுப்பர்டாலுக்கு அழைத்த, அந்நகர நாடக அரங்கின் தலைவர் ஆர்னோ வ்யூஸ்டன்ஹோஃபரையும் இங்கே சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் பாதியில் எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போன அந்தத் தொடக்க காலத்தில், இவள் இங்கேயே இருக்கட்டும் என்று ஒருவர் சொல்லாமல் ஒரு குழு உருவாகியிருக்காது.

இனி நீங்கள் சொன்ன தலைமை மாற்றங்கள். பினாவுக்குப் பிறகு முதலில் டொமினிக் மெர்சியும் ராபர்ட் ஸ்டூர்மும் பொறுப்பேற்றார்கள், பிறகு லூட்ஸ் ஃபோர்ஸ்டர். எல்லோரும் உள்ளே இருந்தவர்கள். 2017-ல் வெளியிலிருந்து அடோல்ஃப் பிண்டர் வந்தார். வந்த முதல் பருவத்திலேயே பாபையோனு, ஓயன் என்ற இரு நடன அமைப்பாளர்களை அழைத்து முழுநீளப் புதிய படைப்புகளைச் செய்யவைத்தார். 2018 ஜூலையில் அவரை நீக்கினார்கள். நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்து பெட்டினா வாக்னர்-பெர்கெல்ட், 2022-ல் போரிஸ் ஷார்மாட்ஸ். அவரும் 2025-ல் விலகினார்.

இது வருத்தமான வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்ததில் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சிந்தாமல் காப்பது ஒரு வேலை. அதே ஆட்களை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்வது வேறொரு வேலை. முதலாவதற்குப் பழைய ஒத்திகைகள் நினைவிருக்கிற பொறுமைசாலி வேண்டும். இரண்டாவதற்குப் பழையதை மறக்கத் துணிந்தவர் வேண்டும். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, பணத்தையும் நிர்வாகத்தையும் பார்ப்பவரை அவருக்கு எதிரே உட்காரவைத்ததுதான் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க நடன அமைப்பாளர் மார்த்தா கிரஹாம் 1991-ல் இறந்தபோது எல்லாவற்றையும் ஒருவர் பெயருக்கு எழுதிவைத்துப் போனார். அந்த ஒருவருக்கும் கிரஹாமின் நடன நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், 2000-ல் குழுவே நின்றுபோனது. பெரும்பாலான நடனங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2002-ல் தீர்ப்பு வந்த பிறகுதான் மீண்டும் மூச்சு வந்தது. பேசாமல் விட்டால் பிறகு வழக்கறிஞர்கள் பேசுவார்கள் என்று உங்கள் மூத்த மாணவிகளிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. பினா மதித்த தோழி, பெசன்ட் நகர் கடற்கரையோரம் வாழ்ந்த நடன அமைப்பாளர் சந்திரலேகா, 2006 டிசம்பரில் மறைந்தார். அவருடைய ‘சரீரா’ என்ற படைப்பைத் திஷானி தோஷியும் ஷாஜி ஜானும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆடினார்கள். சதானந்த் மேனன் விளக்கமைத்தார். அந்த வேகத்தை, அந்த மெதுவை, உடம்பில் வைத்திருந்த இருவரும், எப்போது இருட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவரும் போதுமாக இருந்தார்கள்.

2024 நவம்பரில் வுப்பர்டாலில் ‘கோன்டாக்ட்ஹோஃப்’ மீண்டும் மேடையேறியது. 1978-ல் அதை ஆடியவர்களில் சிலரே, எழுபதைத் தாண்டிய உடம்போடு, திரையில் ஓடும் தங்கள் இளமைக்கு எதிரே நின்று ஆடினார்கள். சிலருடைய இடம் காலியாக இருந்தது, அதைக் காலியாகவே விட்டார்கள். அதை அமைத்தவர் மெரில் டாங்கர்ட், பினாவின் முதல் தலைமுறை ஆட்டக்காரர்களில் ஒருவர். திரையில் ஓடிய அந்தப் பழைய படத்தை 1978-ல் எடுத்து வைத்தவர் ரோல்ஃப் போர்ட்சிக்.

எம்., உங்களிடம் 11 ஆண்டுக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த நிகழ்ச்சிக்கு யார் நட்டுவாங்கம், யார் பாட்டு, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு மதிய வேளையில், மாணவிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆசிரியையிடம் போங்கள். அவருக்குப் பிறகு என்ன என்று கேட்க வேண்டாம். முதல் பக்கத்தைத் திறந்து, இந்த உருப்படியை முதலில் ஆடியது யார், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். ஒரு கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் பேசத் தொடங்கிவிட்டால் மாலை வகுப்பு வரை நிறுத்த மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்.