கொழுந்து எடைகளை நிகழ்வெண் அட்டவணையாக்குவது எப்படி?

கேள்வி: கோத்தகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 20 பேர் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் எடை (கிலோவில்): 18, 23, 31, 27, 20, 35, 29, 24, 30, 22, 26, 33, 19, 28, 25, 38, 21, 30, 27, 34. இதை நிகழ்வெண் அட்டவணையாக, அதாவது எந்த எடைப் பிரிவில் எத்தனை பேர் என்று காட்டும் அட்டவணையாக, எப்படித் தொகுப்பது?

முதலில் வீச்சு, அதாவது மிகப் பெரிய எடைக்கும் மிகச் சிறிய எடைக்கும் உள்ள வித்தியாசம்: 38 − 18 = 20. பிரிவு அகலத்தை 5 என்று வையுங்கள். 10 வைத்தால் மூன்றே பிரிவு, பரவல் மறைந்துவிடும். 2 வைத்தால் பதினொன்று, தொகுத்தே பயனில்லை. தொடக்கம் 18 அல்ல, 15. ஐந்தின் மடங்கில் தொடங்கினால் கணக்கு சுலபம்.

15–20: 2
20–25: 5
25–30: 6
30–35: 5
35–40: 2

பெரும்பாலோர் தவறுவது எல்லையில்தான். 30 கிலோ எங்கே போகும்? மேல் எல்லையைச் சேர்க்காத முறையில் 30–35இல்தான். 15–19, 20–24 என்று எழுதினால் முழு எண்களுக்குச் சரி. ஆனால் தராசு 24.6 காட்டினால் அதற்கு இடமே இருக்காது. எடைக்கு முதல் முறையே நல்லது.

ஒவ்வொரு பிரிவுக்கும் பட்டியலைத் திரும்பத் திரும்பத் தேடாதீர்கள், எண் விட்டுப்போகும். பட்டியலை வரிசையாக ஒரே முறை படித்து, உரிய பிரிவில் கோடு போடுங்கள். ஐந்தாவது கோடு குறுக்கே. கடைசியில் கூட்டுத்தொகை 20 வர வேண்டும்.

தொகுப்பதில் ஓர் இழப்பும் உண்டு. உண்மையான சராசரி 27 கிலோ. பிரிவுகளின் மையப்புள்ளி கொண்டு கணக்கிட்டால் 27.5. ஆகவே மூலப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.