கீசர் வாங்கும்போது வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கேள்வி: இன்ஸ்டன்ட் ஹீட்டரில் 3000 வாட் என்றும் டேங்க் வைத்த 25 லிட்டர் கீசரில் 2000 வாட் என்றும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கீசர்தானே கரன்ட்டை மிச்சம் பிடிக்கும்? வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

பதில்: இல்லை. நிறையப் பேருக்கு இருக்கிற குழப்பம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எவ்வளவு வேகமாகச் சுடும் என்பதைத்தான் வாட் சொல்லும், பில் எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 2000 வாட் காயில் (தண்ணீரைச் சுடவைக்கிற கம்பிச்சுருள்) அதை அரை மணியில் முடிக்கும், 3000 வாட் காயில் இருபது நிமிடத்தில் முடிக்கும், மீட்டரில் ஓடுவது இரண்டிலும் அதே ஒரு யூனிட்தான். காயில் வைத்த எந்த ஹீட்டரானாலும் உள்ளே போகிற மின்சாரம் அநேகமாக முழுக்க வெப்பமாகிவிடுகிறது. அதனால் 'எங்கள் காயிலில் பாதி கரன்ட் மிச்சம்' என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அப்போ எங்கேதான் வீணாகிறது? சுட்ட தண்ணீர் டேங்கில் சும்மா நிற்கும்போது, குளியலறை வரைக்கும் வருகிற குழாயில், அப்புறம் நாமே தேவைக்கு மேல் திறந்துவிடுவதில். முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மின்சிக்கன முத்திரையிலோ கையேட்டிலோ, 24 மணி நேரம் சும்மா நின்றால் எத்தனை யூனிட் இழக்கும் என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு கீசர்களை ஒப்பிட எனக்குத் தெரிந்து அதைவிட நேர்மையான எண் கிடையாது. டேங்கைச் சுற்றியுள்ள ஃபோம் கனமாகவும் இடைவெளி இல்லாமலும் இருந்தால் அந்த எண் இறங்கும்.

இன்ஸ்டன்ட்டில் தேங்குகிற தண்ணீர் குறைவு என்பதால் இந்த இழப்பு பெரிதாக இல்லை. ஆனால் அதற்கு வேறு சிக்கல். 3000 வாட்டால் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூட வராது. குளிர்காலத்தில் 25 டிகிரி ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு லிட்டருக்கும் கீழே போய்விடும், ஷவருக்கு அடியில் நின்று நடுங்க வேண்டியதுதான். பாத்திரம் கழுவவும் கைகழுவவும் அது சரி.

உங்கள் நான்கு பேருக்கு 25 லிட்டர் கீசரே போதும் என்பது என் கணிப்பு, அடுத்தடுத்துக் குளிப்பீர்கள், வாளியில் விளாவிக் குளிப்பீர்கள் என்றால். 60 டிகிரியில் இருக்கிற 25 லிட்டரை, 25 டிகிரி பச்சைத் தண்ணீர் சேர்த்து 40 டிகிரிக்கு விளாவினால் கணக்குப்படி 58 லிட்டர் வரும், நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஒருவர் குளித்து வருவதற்குள் அது மறுபடி சுட ஆரம்பித்திருக்கும். எல்லோரும் ஷவரில் பத்து நிமிடம் நிற்பவர்கள் என்றால் கதையே வேறு, அப்போது கீசரை மாற்றுவதற்கு முன் ஷவர் தலையை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டுவதை எடுத்துவிட்டு 6 லிட்டர் தருவதைப் போட்டால் வெந்நீர்ச் செலவு அங்கேயே பாதியாகும்.

கேள்வி: கீசரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரன்ட் அதிகம் ஆகும், எப்போதும் ஆனில் விட்டுவிடுங்கள் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். சரியா?

பதில்: தப்பு. டேங்க் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் வெளியே போகும். அணைத்துவிட்டால் தண்ணீர் ஆற ஆற அந்த இழப்பும் குறைந்துகொண்டே வரும். ஆனில் விட்டால் நாள் முழுக்க ஒரே அளவில் போய்க்கொண்டே இருக்கும். குளிப்பதற்கு அரை மணி முன்னால் போடுங்கள், மறதி அதிகம் என்றால் டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைக் கட்டுப்படுத்துகிற திருகை, 45 டிகிரியில் வைத்தால் இன்னும் மிச்சமாகுமே?

பதில்: ஆகும், ஆனால் வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரை தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா நன்றாக வளரும். நுரையீரலைத் தாக்குகிற கிருமி அது, 60 டிகிரியில் சாகும். அதனால் டேங்கை 60இல் வைத்து வெளியே விளாவிக்கொள்ளுங்கள். 60 டிகிரித் தண்ணீர் நேரடியாகப் பட்டால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கிற வீட்டில் குழாய்க்கு முன்னால், பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து சூட்டை ஒரே அளவில் வைக்கிற தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹீட் பம்ப், சோலார், கேஸ் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: மின்சாரத்தை நிஜமாகவே மிச்சம் பிடிப்பது ஹீட் பம்ப். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஃபிரிட்ஜ் செய்கிற வேலையையே திருப்பிச் செய்து வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட் செலவில் இரண்டு முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் இடத்தை அடைக்கும், சத்தம் போடும், மெதுவாகத்தான் சுடும், கடுங்குளிரில் அதன் திறன் இறங்கும். பெட்டி போன்ற மூடிய அறையில் வைத்தால் அந்த அறையைத்தான் குளிர வைத்துக்கொண்டிருக்கும். பெரிய குடும்பம், நாள் முழுக்க வெந்நீர், காற்றோட்டமான இடம் மூன்றும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

மேலே வெயில் விழும் கூரை சொந்தமாக இருந்தால் சோலார். அதில் பலர் கோட்டைவிடுவது உள்ளே இருக்கிற துணைக் காயிலில். அதை நிரந்தரமாக ஆனில் விட்டால் சூரியன் வருவதற்கு முன்பே காயில் சுடவைத்துவிடும், அப்புறம் வெயிலுக்கு என்ன வேலை? சாயங்காலம் தண்ணீர் போதுமான சூட்டில் இல்லை என்றால் மட்டும் போடுங்கள். கூரையிலிருந்து வருகிற குழாய்க்கு இன்சுலேஷன் உறை கட்டாயம். அரை அங்குலக் குழாய் பத்து மீட்டருக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய்தான் முதலில் வரும்.

கேஸ் ஹீட்டர் வேகமாகச் சுடும், புகையோடு போகிற வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிற கண்டென்சிங் வகை என்றால் 90 சதவீதத்துக்கு மேல் திறன் உண்டு. புகைக்குழாய் இல்லாமல் குளியலறைக்குள் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார்.

கேள்வி: எங்கள் தண்ணீர் சரியான உப்பு. கீசர் சீக்கிரமே ஓட்டையாகிறது, சுடவும் நேரமாகிறது. என்ன பார்த்து வாங்குவது?

பதில்: இரண்டு வேறு நோய். நேரமாவதற்குக் காரணம் காயில் மேல் உப்புப் படிவது. அதனால் காயிலே அதிகச் சூடாகி எரிந்தும் போகும், ஆகவே கழற்றிச் சுத்தம் செய்ய வசதியுள்ள மாடலாகப் பாருங்கள். உப்புத்தண்ணீருக்கு இன்ஸ்டன்ட்டும், தண்ணீர் நேராகக் கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற சோலாரும் ஒத்துவராது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஓட்டையாவது துருவால். எனாமல் பூசிய டேங்குக்குள் ஆனோடு என்று மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும், டேங்கின் இரும்புக்குப் பதிலாக அது அரித்துப்போகும். தண்டு தீர்ந்த பிறகு டேங்க் அரிக்க ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், மெலிந்திருந்தால் மாற்றுங்கள். தண்டு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் எத்தனை வருஷம் வாரன்டி கொடுத்தாலும் அந்த மாடல் வேண்டாம்.