ஊர்வன தேடுவோர் கேள்வி-பதில்

காட்டுப்பாதையிலும் சதுப்புநிலத்திலும் பாம்பு, ஓணான், உடும்பு ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் பலமுறை போய்விட்டேன். நீர் உடும்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. சிங்கப்பூரில் பாம்புகளே குறைந்துவிட்டனவா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பாம்புகள் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் உடற்பயிற்சிக்கு நடப்பவரைப் போல நடந்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். ஊர்வன தேடுபவர் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து அடி வைத்ததும் நில்லுங்கள். முதலில் பாதையோரச் சருகு, அடுத்து முழங்கால் உயரப் புதர், பிறகு மார்பளவில் இருக்கும் கிளைகள், கடைசியாகத் தலைக்கு மேலே. இந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டே போனால் கண் தானாகப் பழகிவிடும். பலரும் தரையை மட்டுமே பார்த்து நடக்கிறார்கள். நம் காட்டுப் பாம்புகளில் பாதையோரத்தில் எளிதாகக் கண்ணில் படுபவை பெரும்பாலும் மரத்தில் இருப்பவை.

வேக்லர் குழிவிரியனை எடுத்துக்கொள்வோம். இரை தன்னிடம் வரும்வரை ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும் பாம்பு அது. அசைவை எதிர்பார்த்துத் தேடினால் அதைப் பார்க்கவே முடியாது. கிளையோடு பொருந்தாத ஒரு தடிப்பு, இலைக்கூட்டத்துக்குள் ஒரு வளைவு, முக்கோண வடிவத்தில் ஒரு தலை ஆகியவற்றைத் தேட வேண்டும். வளர்ந்த பெண் பாம்பு கறுப்பும் மஞ்சளுமாகப் பருத்திருக்கும். ஆணும் குட்டியும் மெல்லிய பச்சை உடலில் சிறு புள்ளிகளோடு இருக்கும். இரண்டும் வேறு வேறு இனம் என்று எண்ணிவிடுவது தொடக்கத்தில் எல்லாருக்கும் நேர்வதுதான்.

பகலில் நல்ல நேரம் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை. முந்தைய இரவு மழை பெய்து காலையில் வெயில் அடித்தால் அந்த நாளைத் தவற விடாதீர்கள். குளிர்ந்த உடலைச் சூடேற்றிக்கொள்ள அரணைகளும் உடும்புகளும் வெயில் விழும் இடத்துக்கு வரும். அடர்ந்த காட்டின் நடுவைவிட, காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்கள், விழுந்த மரங்கள், நீர்த்தேக்கக் கரை ஆகியவை பலன் தரும். உச்சி வெயிலில் எல்லாம் நிழலுக்குள் போய்விடும்.

காதையும் பயன்படுத்துங்கள். சருகில் சிறிது ஓடி, நின்று, மறுபடி ஓடும் ஒலி கேட்டால் அது பெரும்பாலும் அரணை. கனமாக, விட்டுவிட்டு மிதிக்கும் ஒலி உடும்பு. இடைவெளியே இல்லாமல் இழைந்து போகும் சரசரப்பு கேட்டால் அப்படியே நின்றுவிடுங்கள், அது பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காட்டுக்குள் போகாமலே தொடங்க விரும்பினால் பறக்கும் ஓணானைத் தேடுங்கள். பெரிய மரங்கள் உள்ள பூங்காக்களிலும் அது வாழ்கிறது. எறும்பு தின்னும் பிராணி என்பதால் எறும்புச் சாரி ஏறும் மரங்களை முதலில் பாருங்கள். மரத்தின் முகப்பை உற்றுப் பார்த்துப் பயனில்லை, பட்டையின் நிறத்தோடு அது கலந்திருக்கும். பக்கவாட்டில் நின்று தண்டின் விளிம்புக்கோட்டைப் பாருங்கள். ஆண் தன் மஞ்சள் தாடியை விரித்து மடக்கும்போது அந்தக் கோட்டில் சட்டென்று தெரியும். உங்களைக் கண்டு மறுபக்கம் ஓடிவிட்டால் துரத்திச் சுற்றாதீர்கள், அதுவும் சுற்றும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் திரும்பி வரும்.

இரவில்தான் பாம்புகள் அதிகம் தென்படும் என்கிறார்கள். எங்கே போகலாம்? எப்படிப்பட்ட டார்ச் வாங்க வேண்டும்?
– வாசகர், தெம்பனிஸ்

முதலில் எங்கே போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளும் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை மூடப்பட்டிருக்கும். அவற்றை ஒட்டிய இயற்கைப் பூங்காக்கள் பலவற்றுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. நுழைவாயில் பலகையைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

நீங்கள் தெம்பனிஸில் இருப்பதால் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பலகைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே சதுப்புநிலக் குழிவிரியன் வாழ்கிறது. சாம்பல், பழுப்பு, ஊதா கலந்த நிறத்தில் சதுப்புமரக் கிளையோடு ஒன்றியிருக்கும். பலகைப்பாதையின் கைப்பிடி உயரத்திலேயே சில சமயம் சுருண்டு கிடக்கும். ஆகவே ஒளி அடித்துப் பார்க்காமல் கைப்பிடியில் கை வைக்காதீர்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

போகும் முன் கடல்நீரின் வற்று-பெருக்கு அட்டவணையைப் பாருங்கள். நீர் வற்றும் நேரம் இரவு எட்டு முதல் பத்துக்குள் வரும் நாளே சிறந்தது. அப்போது ஓடைகளில் மீன்கள் ஆழமில்லாத குட்டைகளில் சிக்கிக்கொள்ளும். அவற்றைப் பிடிக்க நாய்முக நீர்ப்பாம்புகள் சேற்றுக்கு வரும். நீர் ஏறியிருக்கும் நாளில் போய்விட்டு ஒன்றுமில்லை என்று திரும்புபவர்கள் நிறையப் பேர்.

டார்ச்சின் ஒளி அளவு 200 முதல் 400 லூமென் வரை இருந்தால் போதும், ஆனால் ஒளியைக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஆயிரம் லூமெனைப் பக்கத்து இலையில் பாய்ச்சினால் ஈர இலைகளின் பளபளப்பில் உங்கள் கண்ணே கூசும், பிராணியும் அஞ்சும். தலையில் ஒன்று, கையில் ஒன்று, பையில் மாற்று பேட்டரி. பாதை பார்க்கத் தலைவிளக்கு. தேடுவதற்குக் கைவிளக்கு.

விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் சில பிராணிகளின் கண்ணிலிருந்து திரும்பும் ஒளி உங்களுக்குத் தெரியும். முதலைக்குச் சிவந்த தணல் நிறம், சிலந்திக்குப் பொடிப்பொடியாகப் பச்சை-நீலம். பாம்பின் கண் அப்படி ஒளிராது. அதனால் பாம்புக்கு வேறு உத்தி தேவை. கைவிளக்கை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, சாய்வாக, கீழிருந்து மேலாக அடியுங்கள். சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து செதில்களின் சொரசொரப்பு எடுப்பாகத் தெரியும். கீழிருந்து பார்க்கும்போது அடிவயிற்றின் வெளிர்நிறமும் காட்டிக்கொடுக்கும்.

பகலில் நடமாடும் பிராணிகளையும் இரவில் எளிதாகப் பார்க்கலாம், ஏனெனில் அவை உறங்கும் இடம் பெரும்பாலும் கிளையின் நுனி. எதிரி கிளையில் ஏறினால் அதிர்வு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். பச்சைக்கொடி போன்ற கண்கொத்திப் பாம்பு, வெண்கல முதுகுப் பாம்பு, பச்சைக் கொண்டை ஓணான் மூன்றும் இப்படித் தூங்கும். ஒளிபட்டால் கரும்பச்சைக்கு நடுவே வெளிறிய கோடாகத் தெரியும். அவற்றை எழுப்பிவிடாதீர்கள். விழித்த ஓணான் இருட்டில் குதித்து, இரவு முழுவதும் பாதுகாப்பில்லாத தரையில் கிடக்க நேரும். கண்ணைத் திறந்தால் விளக்கை விலக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். படம் மூன்று நான்கு போதும்.

முழுக்கால் சட்டை, மூடிய காலணி, இருவராகப் போவது ஆகியவை கட்டாயம். கொசு மருந்தை வீட்டிலேயே பூசி உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். டீட் கலந்த மருந்து கேமராவின் பிளாஸ்டிக்கை அரிக்கும். இடி கேட்டால் உடனே திரும்புங்கள். மழைநீர்க் கால்வாய்க்குள் இறங்கவே கூடாது. மலைப்பாம்பு அங்கே இருப்பது உண்மைதான், ஆனால் மேற்புறத்தில் மழை பெய்தால் நிமிடங்களில் நீர்மட்டம் ஏறிவிடும். மேலிருந்தே பாருங்கள்.

என் 11 வயது மகனுக்குப் பாம்பு என்றால் உயிர். ஆனால் கண்கொத்திப் பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறிமூக்கன் கடித்தால் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும், அரணை நக்கினால் மரணம் என்று மாமியார் பயமுறுத்துகிறார். அழைத்துப் போகலாமா, அண்ணா?
– வாசகி, ஈசூன்

அழைத்துப் போங்கள், அம்மா. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கண்கொத்திப் பாம்புக்குக் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். ஓணான், பல்லி ஆகியவற்றைப் பார்வையால் குறிவைத்துப் பிடிக்க அது உதவுகிறது. புதரிலிருந்து முகத்தளவுக்குத் தலையை நீட்டி நிற்பதால்தான் அந்த அச்சம் பிறந்திருக்க வேண்டும். அதன் மென்மையான நஞ்சு பல்லிக்கானது, மனிதருக்கு ஆபத்தானதல்ல. கொம்பேறிமூக்கனின் உறவான நம் ஊர் வெண்கல முதுகுப் பாம்புக்கு நஞ்சே இல்லை. அரணைக்கும் இல்லை.

சிறுவனுக்குச் சொல்லித்தர வேண்டிய உண்மையான எச்சரிக்கைகள் வேறு. குழிவிரியன்கள், கறுத்த உடலுடைய நஞ்சு உமிழும் நாகம், ராஜநாகம், சிவந்த தலையும் சிவந்த வாலும் கொண்ட நீலப் பவளப்பாம்பு ஆகியவற்றைப் படத்தில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும். அடையாளம் தெரியாத எதையும் நஞ்சுள்ளதாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். முதல் நடை பகலில், பலகைப்பாதையில், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். ஹெர்பெட்டோலாஜிக்கல் சொசைட்டி ஆஃப் சிங்கப்பூர் பொதுமக்களுக்கு வழிகாட்டி நடைகள் நடத்துகிறது. விவரம் தெரிந்தவர்களோடு ஒருமுறை போய்வந்தால் உங்கள் கவலையும் குறையும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் கட்டைகளைப் புரட்டி, கொக்கியால் பாம்பைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இங்கே செய்யலாமா? நஞ்சில்லாத மலைப்பாம்பைத் தொடுவதில் என்ன தவறு?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

செய்யக்கூடாது. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி வனவிலங்கைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பாதுகாக்கப்பட்ட இனமென்றால் 50,000 வெள்ளி, இரண்டு ஆண்டுகள் வரை போகும். உணவளிப்பதும் குற்றம். வீட்டு ஆமையை விசாக தினத்தன்று நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரை விழுங்கிய மலைப்பாம்பைத் தொந்தரவு செய்தால் தப்பி ஓடுவதற்காக அதை வெளியே கக்கிவிடும். அது பல நாள் காத்திருந்து பெற்ற உணவாக இருக்கலாம். அரணையையோ பல்லியையோ பிடித்தால் வாலை உதிர்த்துவிடும். வாலில்தான் அது கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. கட்டையைப் புரட்டினால் அடியிலிருந்த ஈரமும் குளிர்ச்சியும் போய்விடும். திரும்ப அதே இடத்தில் வைத்தாலும் பழையபடி பொருந்தாது. பிராணி நம்மைக் கண்டும் தன் வேலையைத் தொடர்வதைப் பார்ப்பதே இந்தப் பொழுதுபோக்கின் முழுச் சுகம். கொக்கியில் தொங்கும் பாம்பு தப்பிக்கத் துடிப்பதைத் தவிர வேறெதையும் செய்து காட்டாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ வீட்டுக்குள்ளோ பாம்பு வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணையோ, வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பின் 9783 7782 எண்ணையோ அழையுங்கள். ஆள் வரும்வரை தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

நீர் உடும்பையும் கிளவுடட் மானிட்டர் என்ற உடும்பையும் எப்படிப் பிரித்தறிவது?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

மூக்குத்துளையைப் பாருங்கள். மூக்கின் நுனியருகே வட்டமாக இருந்தால் நீர் உடும்பு. கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் கீறல்போல இருந்தால் கிளவுடட் மானிட்டர். பின்னது காட்டுச் சருகைக் கிளறிப் பூச்சி தேடும், நீர் உடும்பு நீர்நிலையை விட்டு அதிகம் விலகாது.

பாம்பு கடித்துவிட்டால்?
– வாசகர், அங் மோ கியோ

அவசர மருத்துவ உதவிக்கு 995. அழைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எல்லாம் தீங்கு. பாம்பைப் பிடிக்க முயல வேண்டாம், எட்ட நின்று எடுத்த படம் இருந்தால் மருத்துவருக்கு உதவும்.

நாகம் கண்ணில் உமிழ்ந்தால் தேய்க்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் நீர் கூடுதலாக வைத்திருங்கள், அது இதற்கும் உதவும். நாகத்தின் உமிழ்வு இரண்டு மீட்டருக்கு அப்பாலும் எட்டும், சாதாரண மூக்குக்கண்ணாடிகூட நல்ல தடுப்பு.

அரிய பாம்பு ஒன்றைப் படமெடுத்தேன். எங்கே பார்த்தேன் என்று எழுதலாமா?
– வாசகி, பொங்கோல்

ஆய்வுக்குப் பயன்படும்படி பதிவு செய்யுங்கள், இடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவேற்றும்போது இடத்தை மங்கலாக்கும் தெரிவு இருக்கிறது. சரியான புள்ளிக்குப் பதிலாக ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் அது பிறருக்குக் காட்டும். நம் தீவின் பெரிய பகுதி ஒன்று அதற்குள் அடங்கிவிடும்.

சமூக ஊடகத்தில் போடுவதானால் கைப்பேசி படத்தோடு சேர்த்துவைக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள். பின்னணியில் வழிகாட்டிப் பலகை, பாலம், பலகைப்பாதையின் எண் எதுவும் தெரியாமல் வெட்டிவிடுங்கள். நீங்கள் பார்த்தது குழிவிரியனாக இருந்தால் ஓரிரு வாரம் கழித்தே போடுங்கள். இன்றைக்குப் போட்டால் நாளைக்கும் அது அதே கிளையில் இருக்கும், கூட்டம் தேடி வந்துவிடும்.