450-லேயே நிற்கும் மார்க்: நீட் கேள்வி-பதில்

மாக் டெஸ்ட் எழுதும்போதெல்லாம் 440, 450-ஐத் தாண்டவே முடியவில்லை. எல்லாப் பாடங்களையும் மூன்று முறை திருப்பிவிட்டேன். இன்னும் எத்தனை முறை படிக்க வேண்டும்?
*- இரண்டாம் முறை எழுதப்போகும் மாணவி, நாமக்கல்*

நான்காவது முறையைத் தள்ளிவையுங்கள். கடைசியாக எழுதிய மூன்று மாக் டெஸ்ட் தாள்களை எடுங்கள்.

நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு மைனஸ் 1. 170 கேள்விகளுக்கு விடையளித்து 124 சரி, 46 தவறு என்றால் 496-ல் 46 போய் 450. இந்த 46-ல்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். பாடமே தெரியாதது 'தெ', இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறியது 'கு', தெரிந்தும் கை தவறியது 'க', அவசரத்தில் போட்டது 'நே'. பலருக்கும் 'க' எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும். தவறான விடை சரியானால் கிடைப்பது 4 அல்ல, 5 மார்க். கழிந்த ஒன்றும் திரும்பி வருகிறதே. 12 'க' சரியானால் 60. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் 510.

மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. 'தெ' என்றால் என்சிஇஆர்டி புத்தகத்தில் அந்தப் பத்தியையும் அதன் படத்தையும் படித்தால் போதும், முழுப் பாடம் வேண்டாம். 'கு' என்றால் குழப்பிய இரண்டையும் ஒரே வரியில் எதிரெதிராக எழுதுங்கள்: "குறுக்கேற்றம் நடப்பது பாக்கிடீனில், கயாஸ்மா கண்ணுக்குத் தெரிவது டிப்ளோட்டீனில்." (இரண்டும் செல் பிரிதலின் கட்டங்கள்.) 'க' என்றால் சரியான விடையை எழுதி வைத்துப் பயனில்லை, எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்று எழுதுங்கள். வாயுச் சமன்பாட்டில் செல்சியஸை அப்படியே போட்டது, சதுர சென்டிமீட்டரை மாற்றும்போது 10⁻⁴-க்குப் பதில் 10⁻² எழுதியது, 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று' என்று படித்தது: ஒருவருக்கு இப்படி நாலைந்து சறுக்கல்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கேள்வித்தாளில் 'தவறான', 'அல்ல' என்ற சொற்களைக் கண்டதும் அடிக்கோடிடுவதைப் பழக்கமாக்குங்கள். 'நே' பற்றிக் கீழே மூன்றாவது பதிலில் பார்க்கலாம்.

ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளை, விடையை மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரத் தேர்வை அலச இன்னொரு மூன்று மணி நேரம் ஆகும். அதனால் வாரத்துக்கு இரண்டு மாக் டெஸ்டுக்கு மேல் வேண்டாம். தினமும் ஒன்று எழுதி மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பது வீண் உழைப்பு.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, குத்துமதிப்பாகப் போடுவதா? மைனஸ் மார்க் பயமாக இருக்கிறது.
*- பிளஸ் டூ மாணவர், தென்காசி*

சரி என்றால் 4, தவறு என்றால் மைனஸ் 1. அப்படியானால் ஐந்தில் ஒன்று சரியானாலே நஷ்டமில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் லாபம் என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் தவறான விடைகளை, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையிலிருந்தே உருவாக்குகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்தவரை அந்த விடைதான் இழுக்கும். அங்கே கால் பங்கு வாய்ப்புகூட மிஞ்சாது.

இரண்டு விடைகளைக் காரணத்தோடு அடித்துவிட முடிந்தால் தயங்காமல் போடுங்கள், சராசரி லாபம் ஒன்றரை மார்க். ஒன்றை மட்டும்தான் அடிக்க முடிகிறதா? மாக் டெஸ்டில் அப்படிப் போட்ட கேள்விகளுக்கு நட்சத்திரக் குறியிட்டு, எத்தனை சரியானது என்று எண்ணி வாருங்கள். நாலைந்து தேர்வுகளில் ஐந்துக்கு ஒன்றுக்கும் மேல் சரியாக வந்தால் போடலாம், குறைந்தால் விட்டுவிடுங்கள். இதில் நண்பரின் அனுபவம் உதவாது.

இயற்பியலில் மாட்டிக்கொண்டு வேதியியலுக்கு நேரமே இல்லாமல் போகிறது. எதை முதலில் எழுதுவது?
*- மாணவி, கிருஷ்ணகிரி*

உயிரியல். 90 கேள்வி, 360 மார்க், தாளில் பாதி. இருவரின் மொத்த மார்க் சமமானால் தரவரிசைக்கு முதலில் பார்ப்பதும் உயிரியல் மார்க்கைத்தான். அதற்கு 50 நிமிடம், பிறகு வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, மிச்சம் 15 விட்டுவந்த கேள்விகளுக்கு. ஒரு கணக்கில் இரண்டு நிமிடம் போயும் வழி பிடிபடவில்லை என்றால் வட்டமிட்டு நகருங்கள். 2025-ல் இயற்பியல் கடினமாக இருந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தாளில் பிடிவாதம்தான் மார்க்கைத் தின்னும்.

ஓஎம்ஆர் தாளை (விடைக்கான வட்டங்களை நிரப்பும் தாள்) ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புங்கள். வட்டத்துக்கு 5 வினாடி என்றாலும் 180-க்கு 15 நிமிடம். அதைக் கடைசிக்கு வைத்தால், ஒரு கேள்வியை விட்ட இடத்தில் வரிசை நழுவி அடுத்தடுத்த விடைகளும் இடம் மாறிவிடும். பால்பாயின்ட் பேனாவால் போட்டதை அழிக்க முடியாது, இரண்டு வட்டம் நிரப்பினால் தவறுதான். வீட்டிலும் பேனாவால், பகல் 2 மணி முதல் 5 வரையே எழுதிப் பழகுங்கள். சாப்பிட்ட பிறகு வரும் தூக்கத்தையும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

மகன் தமிழில் எழுதுகிறான். அண்ணன் மகனின் பழைய நீட் புத்தகங்களே போதுமா?
*- ஒரு தந்தை, அரியலூர்*

பழைய புத்தகத்தைப் புதிய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு அடித்துவிட்டுக் கொடுங்கள். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைந்துவிட்டது. திட நிலை, மேற்பரப்பு வேதியியல், பலபடிகள், செரிமானம், தாவரங்களின் கனிம ஊட்டம் போன்றவை இப்போது இல்லை. 2021 முதல் 2024 வரையிலான வினாத்தாள்களில் 200 கேள்விகள் இருக்கும், அவற்றில் 180 எழுதினால் போதும், 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடம். இப்போது 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது. அந்தத் தாள்களை வைத்து நேரம் பார்த்துப் பழகினால் கணக்கு தப்பிவிடும்.

தமிழைத் தேர்ந்தவருக்கு வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஆகவே கலைச்சொற்களை இரு மொழியிலும் படிக்கச் சொல்லுங்கள். தினமும் 15 சொற்கள் போதும்.