கதவு தானா திறக்கும், படி?

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில நானும் வீட்டுக்காரரும் சின்னதா ரத்த டெஸ்ட் லேப் வச்சிருக்கோம். வயசானவங்க, வீல்சேர்ல வர்றவங்க எல்லாம் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறக்க ரொம்ப சிரமப்படுறாங்க. ஆள் வந்தா தானா திறக்குற ஸ்லைடிங் கதவுக்கு புனலூர்ல கொட்டேஷன் வாங்கியிருக்கோம். வாசல்ல ரெண்டு படி இருக்கு. வாங்கலாமா? ரிப்பேர்னா கேரளாவுக்குத்தான் அலையணுமா?

பதில்: படியைப் போறபோக்குல சொல்லிட்டீங்களேம்மா, மொத வேலையே அதுதான். வீல்சேர் ஏறவே முடியாத வாசல்ல கதவு தானா திறந்து என்ன பிரயோஜனம்? அரசாங்க வழிகாட்டுதல்படி சாய்தளம் 1:12, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேணும். ரெண்டு படி சேர்ந்து ஒரு அடி வரும்னா 12 அடி. முன்னாடி இடம் பத்தலைன்னா சுவரை ஒட்டி பக்கவாட்டுல ஏத்துங்க, ஆனா கதவுக்கு முன்னாடி வண்டி நின்னு திரும்ப ஒரு அஞ்சு அடி சமமா விடணும். வழவழ டைல்ஸ் மட்டும் வேணாம், நம்ம ஊர் சாரல்ல வழுக்கிடும்.

எங்க அப்பாவை வீல்சேர்ல வச்சு ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், கதவு அழகா தானா திறந்துச்சு, ஆனா தரையில கதவு ஓடுற பள்ளத்துல முன்னாடி இருக்குற குட்டிச் சக்கரம் இறங்கி சிக்கிக்கிச்சு, நான் பின்னாடி அழுத்தி முன்பக்கத்தை தூக்குறதுக்குள்ள கதவு மூட வந்துடுச்சு, அப்பா ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்து இறுக்கிக்கிட்டார். இப்ப நினைச்சாலும் பதறுது. அதனால மேல இருந்து தொங்குற மாதிரி, தரையில பள்ளமோ மேடோ இல்லாத கதவா கேளுங்க. வாசற்படி மேடு 12 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. கதவு முழுசா திறந்தப்புறம் டேப் வச்சு அளந்தா 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூணு அடி, இருக்கணும். ஒத்தைக் கதவுன்னா அது ஒதுங்கவும் பக்கத்துல அதே அளவு சுவர் வேணும், சின்ன கடையில இங்கதான் இடிக்கும்.

மேல இருக்குற ரேடார் சென்சாருக்கு அசைவு மட்டும்தான் தெரியும். நடுவுல அப்படியே நின்னுட்ட பெரியவரை அது பாக்காது. ஆள் நின்னாலும் கண்டுபிடிக்கிற இன்ஃப்ராரெட் சேஃப்டி சென்சார் தனியா இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா வாங்கவே வேணாம். கரண்ட் போனா பேட்டரியில ஓடணும், இல்ல கையால தள்ளினா திறக்கணும்.

அலைச்சலுக்கு வர்றேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், விக்கிறவர் எந்த ஊரா இருந்தாலும் சரி. வியாபாரத்துக்கு வாங்குனது செல்லாதும்பாங்க, ஆனா பிழைப்புக்காக நீங்களே உக்காந்து நடத்துற லேப்னா நீங்களும் நுகர்வோர்தான். கேஸுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் பாருங்க. சர்வீஸுக்கு எத்தனை நாள்ல ஆள் வரும், மோட்டார், சென்சார், பேட்டரிக்கு தனித்தனியா எத்தனை வருஷ வாரண்டின்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, மலை தாண்டி வரணும்னா ஆள் அனுப்ப இழுத்தடிப்பாங்க.

பாக்கிப் பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வீல்சேர் கேட்டு வாங்கி நீங்களே உக்காந்து ரோட்டுல இருந்து உள்ள வரைக்கும் போய்ப் பாருங்கம்மா, மெயினை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை.