பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: சிறு துளை அறுவை போதுமா?

கேள்வி: வயது 54. உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்ட வேலை. வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் இரண்டு வருடமாக வலி, மேலே எலும்பு புடைத்திருக்கிறது. மதுரையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தேய்மானம், சிறு துளை போட்டே சரிசெய்யலாம் என்றார்கள். சர்க்கரையும் உண்டு. செய்துகொண்டால் பழையபடி குந்தி உட்கார முடியுமா?

பதில்: துளையின் அளவு தோலோடு சரி. உள்ளே எலும்பைச் செதுக்கப் போகிறார்களா, மூட்டையே இணைக்கப் போகிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெருவிரலை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மேலே முழுக்க வளைக்கும்போது மட்டும் வலித்தால் புடைத்த எலும்புதான் இடிக்கிறது. செதுக்கினால் பலன் கிடைக்கும். பாதி வளைவிலேயே வலித்தால் குருத்தெலும்பு பெரும்பாலும் போய்விட்டது. அப்போது இரண்டு எலும்பையும் ஸ்குரூ போட்டு இணைப்பதே நம்பகமான வழி. வலி போகும், விரலின் அடிமூட்டு மடங்காது. குதிகாலைத் தூக்கிக் குந்த முடியாது; பாதம் முழுதும் பதித்துக் குந்தலாம். முடிவை எக்ஸ்ரேயோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

செதுக்கும்போது 3 முதல் 5 மி.மீ. துளை வழியே பர் எனும், சுழன்று எலும்பைத் தேய்க்கும் சிறு கருவியை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி எலும்பின் மேல்பகுதியைத் தேய்த்து எடுப்பார்கள். பர் மெதுவாகச் சுழல வேண்டும், சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையென்றால் சூட்டில் தோலும் எலும்பும் வெந்துவிடும். தேய்த்த எலும்பு மாவாகி உள்ளே தங்கும். அதைப் பிழிந்து, கழுவி வெளியேற்றாவிட்டால் வீக்கமும் வலியும் நீடிக்கும். இந்த அறுவையில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். விரலின் உட்புறம் ஓடும் உணர்வு நரம்பு அடிபட்டால் மரத்துப்போகும். விரலைத் தூக்கும் தசைநாரும் பக்கத்திலேயே இருக்கிறது.

பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை கெட்டியான அடியுள்ள அறுவைச் செருப்பு, உட்காரும்போதெல்லாம் கால் உயரத்தில். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விரலை அசைக்காவிட்டால் மறுபடி இறுகிவிடும். வீக்கம் வடிய மூன்று மாதம்கூட ஆகலாம். இணைப்பு அறுவை என்றால் எலும்பு ஒன்றுசேரவே ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். புகையிலை அதைக் கெடுக்கும்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8-க்குக் கீழே வரட்டும். பாதத்தின் நாடித் துடிப்பையும் உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். திடீரெனச் சிவந்து வீங்கும் வழக்கம் இருந்தால் யூரிக் அமிலமும் பார்க்கவேண்டும். அந்த அமிலம் மிகுந்து வரும் மூட்டுவாதமும் (கவுட்) பெரும்பாலும் இதே மூட்டைத்தான் பிடிக்கும். இன்னும் கத்திக்குப் போகவில்லை என்றால், வளையாத அடியும் முன்பக்கம் உருண்டு எழும்பும் அமைப்பும் உள்ள செருப்பைச் சில மாதம் போட்டுப் பாருங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு இந்த மூட்டுக்கு ஆகாது. காயம் முழுக்க ஆறும்வரை ஈர மண்ணில் கால் வைக்க வேண்டாம்.